கிணற்றில் தள்ளிவிடப்பட்டவருக்கு 38 வயதில் நீச்சல் வருமா?

உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு பெண் கேட்டிருப்பது இது. வயது 38. எட்டு வயதில் தோட்டத்துக் கிணற்றில் "தானா வந்துரும்" என்று மாமா தூக்கிப் போட்டிருக்கிறார். அன்றிலிருந்து முகத்தில் தண்ணீர் விழுந்தாலே மூச்சு முட்டுகிறது. தலைக்குக் குளிக்கும்போதுகூட அரைச் செம்பாகத்தான் ஊற்றிக்கொள்கிறார். இப்போது மகன் கூட்டாளிகளோடு கண்மாய்க்குப் போகத் தொடங்கிவிட்டான். மதுரையில் ஏதாவது வகுப்பில் சேர்ந்தால் இந்த வயதில் நீச்சல் வருமா, எத்தனை நாளாகும் என்கிறார்.

வரும். ஆனால் கை வீசுவதையும் கால் அடிப்பதையும் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் வகுப்பில் சேர்ந்தால் மூன்றாம் நாளே நின்றுவிடுவீர்கள். பயந்தவர்களுக்குக் கற்றுத்தரும் வரிசை வேறு. முதலில் தண்ணீருக்குள் மூச்சை வெளியே விடுவது. அடுத்து, படுத்த நிலையிலிருந்து எழுந்து நிற்பது. இந்த இரண்டும் வந்த பிறகுதான் நீச்சல். பெரியவர்களின் பயத்தைக் கிளறிப் பார்த்தால் அடியில் இருப்பது பெரும்பாலும் மூழ்குவது கூட அல்ல, 'கால் தரையை விட்டுப் போனால் மறுபடி எப்படி நிற்பது' என்பதுதான். நிற்கத் தெரிந்துவிட்டால் உடம்பு தானாகத் தளரும். தளர்ந்த உடம்பு மிதக்கும்.

மாமா செய்தது ஏன் பலிக்கவில்லை என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள், அது உங்கள் குறை அல்ல. எதிர்பாராமல் தண்ணீருக்குள் விழும் உடம்பு தன்னை அறியாமல் ஒரு மூச்சை இழுக்கும். அந்த நேரம் முகம் தண்ணீருக்குள் இருந்தால் உள்ளே போவது தண்ணீர். குரல்வளை உடனே இறுக மூடிக்கொள்ளும், காற்றும் போகாது. 'தண்ணீர் என்றால் மூச்சு அடைக்கும்' என்று உடம்பு அன்று படித்த பாடம் பொய்யில்லை. அதை அறிவுரையால் அழிக்க முடியாது. தண்ணீருக்குள் அமைதியாக விட்ட சில நூறு மூச்சுகளால் மெதுவாக எழுதி மாற்றலாம். அதனால் வகுப்பில் சேரும்போதே பயிற்சியாளரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: "சின்ன வயதில் இப்படி நடந்தது. சொல்லாமல் தள்ளக் கூடாது, பிடித்த கையைச் சொல்லாமல் விடக் கூடாது." இதைக் கேட்டுச் சிரிப்பவர் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். திறமையான ஆளாகவே இருந்தாலும் உங்களுக்கு அவர் வேண்டாம்.

குளத்துக்குப் போகும் முன் வீட்டில் ஒரு வாரம் வேலை இருக்கிறது. அகலமான அன்னக்கூடையிலோ வாளியிலோ வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பி, முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் விளிம்பில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் வாய் மட்டும் தண்ணீரில். ஊதிக் குமிழி விடுங்கள். அடுத்து வாயும் மூக்கும். இப்போது ஊத வேண்டாம், "ம்ம்ம்" என்று முனகுங்கள். முனகும்போது காற்று மூக்கு வழியாகச் சீராக வெளியேறும், வெளியேறும் காற்றுக்கு எதிராகத் தண்ணீர் உள்ளே ஏறாது. மூன்று நான்கு விநாடி முனகல், தலையைத் தூக்கி வாயால் ஒரு விநாடியில் இழுப்பு, மறுபடி முகம் உள்ளே. கணக்கு இதுதான்: நிறுத்தாமல் இருபது முறை, நடுவில் ஒரு தடவைகூட முகத்தைக் கையால் வழிக்காமல்.

அந்த முகம் வழிப்பதுதான் நல்ல அளவுகோல். பயம் இருக்கும்வரை தலை வெளியே வந்ததும் கை கண்ணுக்குப் போகும். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சாதாரணமாக மூச்சு விட முடிகிறதென்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இன்னொரு பயிற்சியும் உண்டு: வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு மூக்கால் பத்து மூச்சு விட்டுப் பிறகு துப்புங்கள். வாய்க்குள் தண்ணீர் வந்தால் தொண்டைக்குள் போய்விட்டதாக நினைப்பதே பலருக்கும் பதற்றத்தின் தொடக்கம். வாய் வேறு, தொண்டை வேறு என்பதை உடம்புக்குக் காட்ட இதைவிட எளிய வழி கிடையாது.

மூச்சை ஏன் பிடிக்காமல் விடச் சொல்கிறோம்? தண்ணீருக்குள் மூச்சைப் பிடித்து வைத்தவர், தலை வெளியே வந்த அரை நொடியில் பழைய காற்றை விட்டுப் புதியதை இழுக்க வேண்டும். நேரம் போதாது. பழைய காற்று பாதி உள்ளேயே இருக்க, மேலே கொஞ்சம் இழுத்துக்கொண்டு மறுபடி முங்குவார். நாலைந்து தடவையில் நெஞ்சு நிறையக் காற்று இருந்தும் மூச்சு முட்டும், ஏனென்றால் 'மூச்சு விடு' என்று உடம்பை விரட்டுவது பிராணவாயு குறைவதைவிட உள்ளே சேரும் கரியமில வாயுதான். "நாலு கை போட்டதும் மூச்சு வாங்குகிறது, எனக்கு உடல் வலு இல்லை" என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்கு இதுதான் காரணம்; வலுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதே காரணத்தால் ஒரு எச்சரிக்கை: முங்குவதற்கு முன் வேகவேகமாகப் பலமுறை மூச்சிழுத்து விடாதீர்கள், மகனிடமும் அப்படிச் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள். கரியமில வாயு முன்கூட்டியே வெளியேறிவிடுவதால் மூச்சுமுட்டல் என்ற மணி அடிக்காமலே மயக்கம் வந்துவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படிப் போயிருக்கிறார்கள்.

இனி இடம். கிராமத்தில் கிணறுதான் பள்ளிக்கூடம் என்பது உண்மை. முதுகில் சுரைக்குடுக்கை, இல்லையென்றால் காலி எண்ணெய் கேன், இடுப்பில் கயிறு, படியில் ஒருவர் என்று தலைமுறை தலைமுறையாகக் கற்றிருக்கிறோம். ஆனால் உங்களுக்குக் கிணறு இப்போது வேண்டாம். கிணற்றில் நெஞ்சளவுத் தண்ணீர் என்று ஒரு இடமே கிடையாது; படியை விட்டால் ஆழம். எழுந்து நிற்பதைப் பழக நிற்க ஒரு தரை வேண்டும். மதுரையில் ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கத்தில் நீச்சல் குளம் இருக்கிறது. தனியார் பள்ளிகள், கிளப்புகள், ஓட்டல்களின் குளங்களும் உண்டு. சேரும் முன் நேரில் போய்ப் பாருங்கள். ஆழமில்லாத பக்கம் மூன்று, மூன்றரை அடியில் தொடங்குகிறதா? ஆழப் பக்கத்தின் அடித்தரை மேலிருந்து தெளிவாகத் தெரிகிறதா? தெரியாத குளத்தில் இறங்கவே கூடாது, கீழே ஒருவர் கிடந்தாலும் தெரியாது. உயிர்காப்பாளர் என்று ஒருவர், கையில் போன் இல்லாமல், குளத்தைப் பார்த்து நிற்கிறாரா? பெண்களுக்குத் தனி நேரம் வைத்திருக்கும் குளங்கள் உண்டு, அதையும் கேளுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் கோடை முகாமுக்கு வரும் பிள்ளைகள் கூட்டம் தாங்காது. பயந்தவருக்குப் பக்கத்தில் யாராவது குதித்துத் தெறித்துக்கொண்டே இருந்தால் எதுவும் நடக்காது. பள்ளி திறந்த பிறகு ஜூன் கடைசியில் ஆரம்பித்தால் குளம் காலியாக இருக்கும், ஐப்பசி மழையில் கண்மாய் நிறைவதற்குள் நீங்களும் ஒரு நிலைக்கு வந்திருப்பீர்கள்.

உடை பற்றிக் கூச்சப்பட வேண்டாம். முழங்கை, முழங்கால் மறைக்கும் நைலான் நீச்சல் உடை மதுரைக் கடைகளிலேயே கிடைக்கும். பருத்திச் சுடிதாரும் நைட்டியும் தண்ணீர் குடித்துக் காலைச் சுற்றும், பெரும்பாலான குளங்களில் அனுமதியும் இல்லை. தலையில் எண்ணெய் வைத்துப் போகாதீர்கள்; தொப்பி போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி வாங்கும்போது பட்டையை மாட்டாமல் கண்குழியில் அழுத்திப் பாருங்கள். இரண்டு விநாடி தானாக ஒட்டி நின்றால் அது உங்கள் முகத்துக்குச் சரி. வலிப்பு, இதய நோய், காதுச் சவ்வில் ஓட்டை இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைக் கரையில் கை எட்டும் இடத்தில் வையுங்கள். ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி போதும்.

முதல் நாள் கழுத்தளவுத் தண்ணீருக்குப் போகாதீர்கள். தண்ணீர் நெஞ்சைச் சுற்றி அழுத்துவதால் மூச்சு இழுப்பது உண்மையிலேயே சற்றுக் கடினமாகும்; அதைப் பயம் என்று நினைத்துப் பயம் கூடும். இடுப்பளவில் நடங்கள். சுவரைப் பிடித்து நடந்து, பிறகு விட்டு நடந்து, பக்கவாட்டில், பின்னால். அப்புறம் வீட்டில் செய்த அதே முனகல், சுவரைப் பிடித்தபடி. அது வந்ததும் ஒரு சோதனை: மூச்சு நிறைய இழுத்துக்கொண்டு அடித்தரையில் உட்காரப் பாருங்கள். முடியாது. தண்ணீர் மேலே தள்ளும். மூழ்கிவிடுவேன் என்று முப்பது வருடம் பயந்தவர், முயன்றும் மூழ்க முடியாததை அங்கே உணர்வார். காற்றை விட்டால்தான் மெல்ல இறங்கும்.

அதன் கணக்கு எளிது. 60 கிலோ உடம்பு நெஞ்சு நிறையக் காற்றிழுத்தால் தண்ணீரைவிட லேசு, ஆனால் மிகக் கொஞ்சம்தான்; ஒன்று, ஒன்றரை கிலோ அளவுக்குத்தான் வெளியே நீட்டிக்கொண்டிருக்க முடியும். தலை மட்டுமே நாலரை, ஐந்து கிலோ. அதனால் முழுத் தலையையும் கைகளையும் வெளியே வைத்திருக்க முயல்பவர் உதைத்துக்கொண்டே இருந்தாக வேண்டும். சோர்ந்ததும் கீழே போவார். முகத்தை மட்டும் மேலே விட்டு மற்றதைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டவர் சும்மா கிடப்பார். நாய் நீச்சலில் சீக்கிரம் களைப்பதும், முழுகுபவர் கையைத் தூக்கத் தூக்கக் கீழே போவதும் ஒரே கணக்குதான்.

இப்போது எழுந்து நிற்பது. இதற்கு இரண்டு மூன்று நாள் முழுதாகக் கொடுங்கள், பயிற்சியாளர் அவசரப்படுத்தினாலும். நெஞ்சளவுத் தண்ணீரில் சுவரை நீட்டிய கைகளால் பிடித்து முகத்தை உள்ளே விட்டுக் குப்புறப் படுங்கள், கால் தானாக எழும்பும். நிற்க வேண்டும் என்றதும் பெரும்பாலோர் தலையை வெடுக்கென்று தூக்கிக் காலைக் கீழே நீட்டித் துழாவுவார்கள். அப்படிச் செய்தால் கால் பின்னால் வழுக்கும், முகம் மறுபடி உள்ளே போகும், பதற்றம் வரும். சரியான வரிசை: முதலில் இரண்டு முழங்காலையும் வயிற்றுக்கு இழுங்கள். உடம்பு தராசு முள் போலத் தானே நிமிரும். உள்ளங்கைகளால் தண்ணீரைக் கீழே அழுத்துங்கள். பாதம் இரண்டும் தரையில் பதிந்த பிறகு, கடைசியாகத் தலை. மல்லாந்து கிடக்கும்போது எழ, தாடையை நெஞ்சுக்குக் கொண்டுவந்து, முழங்காலை மடக்கி, உட்காருவது போல இடுப்பைக் கீழே விட்டு, கைகளைப் பின்னாலிருந்து முன்னால் வாரிக் கொண்டுவர வேண்டும். குப்புற இருபது, மல்லாக்க இருபது என்று தினமும். முதலில் சுவரோடு, பிறகு பயிற்சியாளர் கையோடு, பிறகு தனியாக. சலிப்பான வேலைதான். ஆனால் இதில் போட்ட ஒரு மணி நேரம் பின்னால் பத்து மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

மல்லாக்க மிதப்பதில் பயந்தவர்களைத் தடுப்பது காது. காது தண்ணீருக்குள் போனதும் வெளிச்சத்தம் அடங்கி, தன் மூச்சே பெரிதாகக் கேட்கும். பதறித் தலையைத் தூக்குவார்கள், தூக்கியதும் இடுப்பு விழும். அந்தச் சத்தத்தை முன்னதாகவே பழக்குங்கள். பயிற்சியாளரின் ஒரு கை பிடரியில் இருந்தால் போதும். முதுகைத் தாங்கினால் நீங்கள் அவர் கையில் படுக்கப் பழகுவீர்கள், தண்ணீரில் அல்ல. கண் நேர் மேலே, தொப்புளை மேல்நோக்கித் தள்ளுங்கள், கை இரண்டும் தலைக்கு மேல் நீட்டி. கால் இறங்குகிறது என்று கவலைப்படாதீர்கள். நெஞ்சில் காற்று, இடுப்புக்குக் கீழே எலும்பும் தசையும், ஆகவே கால் இறங்குவது இயல்பு. மெலிந்த ஆண்களுக்கு நேராகவே தொங்கும். கையை மேலே நீட்டுவது அந்தப் பாரத்தைச் சரிக்கட்டத்தான். மூச்சை முழுதாக இழுத்து, கொஞ்ச நேரம் வைத்து, சட்டென்று விட்டு உடனே இழுங்கள்.

இதற்குப் பிறகு சுவரை உதைத்து வழுக்கிப் போவது. கை இரண்டும் காதை ஒட்டி நீட்டி, முகம் தரையைப் பார்க்க, மூன்று நான்கு மீட்டர், பிறகு எழுந்து நில். அதோடு காலடி. பெரியவர்கள் சைக்கிள் மிதிப்பது போல முழங்காலை மடக்குவார்கள். அப்படி மிதித்தால் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள், சிலர் பின்னால் போவதும் உண்டு. அசைவு தொடையிலிருந்து வரவேண்டும், கணுக்கால் துவண்டு கிடக்க வேண்டும்.

எந்த நீச்சல் முதலில் என்பதில் ஆளுக்கொரு கருத்து. உங்களைப் போன்றவருக்கு மல்லாக்க நீச்சல் என்பேன். முகம் முழு நேரமும் வெளியே, மூச்சுக்குத் தாளம் வேண்டாம், களைத்தால் அப்படியே மிதக்கலாம். பெரும்பாலான முகாம்களில் முதலில் தருவது ஃப்ரீஸ்டைல், அதாவது குப்புறப் படுத்துக் கைகளை மாற்றி மாற்றி வீசும் நீச்சல். அதில் மூச்சு எடுப்பது புதியவர்களுக்குக் கடினம். பின்னால் அதைக் கற்கும்போது தலையைத் தூக்காதீர்கள், உடம்போடு சேர்த்துப் பக்கவாட்டில் உருட்டுங்கள். ஒரு காதும் ஒரு கண்ணும் தண்ணீருக்குள்ளேயே இருந்தால் சரி.

எத்தனை நாள்? வாரம் ஐந்து நாள், நாற்பது நிமிடம் என்றால், சாதாரணப் பயம் உள்ளவர் இரண்டு மூன்று வாரத்தில் குளத்தின் குறுக்கே போய்விடுவார். கிணற்று அனுபவம் உள்ளவருக்கு இரண்டு மூன்று மாதம் ஒதுக்குங்கள். ஏழாம், எட்டாம் நாள் வாக்கில் காரணமில்லாமல் பழைய பயம் முழுதாகத் திரும்பும், நேற்று வந்தது இன்று வராது. பலருக்கும் இப்படி நடக்கிறது. அன்று குளத்தை விட்டுப் போய்விடாதீர்கள், இடுப்பளவுக்குத் திரும்பி முனகல் மட்டும் செய்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

ஆழப் பக்கம் எப்போது? மல்லாக்க ஒரு நிமிடம் அசையாமல் கிடக்கவும், நின்ற நிலையில் ஒரு நிமிடம் காலைத் தவளை போல வட்டமாக உதைத்து, உள்ளங்கையால் தண்ணீரை இப்படியும் அப்படியும் தடவி மிதக்கவும் வந்த பிறகு. நான்கு அடித் தண்ணீர் தாங்குவதைப் போலத்தான் பன்னிரண்டு அடித் தண்ணீரும் தாங்கும். சுவரை ஒட்டி, ஏணியிலிருந்து ஏணிக்குப் போய்ப் பழகுங்கள். 'நீச்சல் தெரியும்' என்று சொல்லிக்கொள்ள அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் வைத்திருக்கும் அளவு எனக்குப் பிடித்தது: ஆள் முங்கும் ஆழத்தில் குதித்து மேலே வருவது, ஒரு நிமிடம் மிதப்பது, முழுவட்டம் திரும்பிக் கரையைக் கண்டுபிடிப்பது, 25 கெஜம் நீந்திப் போவது, ஏணியில்லாமல் ஏறுவது. ஐந்தும் ஒரே மூச்சாக வந்தால்தான் தேர்ச்சி.

குளத்தில் தேறியவர் கண்மாயிலும் தேறியவர் அல்ல. கண்மாயில் மண் அள்ளிய குழி இருக்கும்; முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டே இருக்கும்போது அடுத்த அடியில் ஆள் முங்கும். சேறு காலைப் பிடிக்கும், சீமைக் கருவேல் முள் அடியில் கிடக்கும், மடை திறந்திருந்தால் அதன் வாய்ப்பக்கம் இழுக்கும். பேரணையிலிருந்து வரும் பெரியாறு கால்வாய் அமைதியாகத் தெரியும், ஆனால் சரிவான சிமெண்டுக் கரையில் பாசி. இறங்கினால் பிடித்து ஏற இடமில்லை. வைகை வறண்டு கிடக்கிறதே என்று மணல் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரில் பிள்ளைகள் இறங்குவார்கள். வைகை அணையில் 66, 68.5, 69 அடிகளில் மூன்று வெள்ள எச்சரிக்கை விடுவது கரையோரத்தாருக்குத் தெரியும். அந்தச் செய்தி வந்த நாட்களில் ஆற்றுப் பக்கம் யாரும் இறங்க வேண்டாம். கிணறு என்றால் பம்புசெட்டு மின்சாரத்தை நிறுத்தாமல் இறங்காதீர்கள். கேன் கட்டினால் அக்குளுக்குக் கீழே, முதுகின் மேற்பகுதியில் இறுக்கமாகக் கட்டவும். தளர்ந்து இடுப்புக்கு நழுவினால் இடுப்பைத் தூக்கித் தலையைக் கீழே அமுக்கும்.

மகன் விஷயம். அவனை உங்களோடு அதே குளத்தில் சேருங்கள். அதுவரை, அவன் கண்மாயில் தத்தளித்தால் நீங்கள் கரையில் இருந்தபடியே காப்பாற்ற வேண்டியவர். முழுகுபவர் கூப்பிட மாட்டார், கூப்பிட மூச்சு இருக்காது. வாய் தண்ணீரோடு ஏறி இறங்க, கை பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கும், பார்ப்பவருக்கு விளையாடுவது போல இருக்கும். ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடலாம். குதிக்காதீர்கள், இரண்டு மூன்று மாத நீச்சலோடு குதிப்பவரையும் அவர் கட்டிப்பிடித்து அமுக்குவார். கரையில் படுத்துக்கொண்டு கம்பையோ புடவையையோ நீட்டுங்கள். எட்டாவிட்டால் மூடிய காலிக் குடத்தைக் கயிறு கட்டி எறியுங்கள், ஐந்து லிட்டர் கேனே ஒருவர் வாயை மேலே வைக்கப் போதும். வெளியே எடுத்ததும் வயிற்றை அமுக்குவதும், தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் ஊர்களில் இன்றும் நடக்கிறது. வயிற்றில் இருப்பது வாய்க்கு வந்து நுரையீரலுக்குள் போகும், பொன்னான நிமிடங்களும் போகும். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, ஒருவரை 108க்குப் பேசச் சொல்லிவிட்டு, தலையைச் சாய்த்து மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து நெஞ்சு உயரும்படி முதலில் ஐந்து முறை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், இரண்டு ஊதல் என்று ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல். கண் விழித்து எழுந்து உட்கார்ந்தாலும் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், நுரையீரலுக்குள் போன தண்ணீரின் தொந்தரவு சில மணி நேரம் கழித்தும் வரும்.